அக்கா சொன்ன விலை

நான் வேலையை விட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை, அவன் வாசலில் வந்து நின்றான். எங்கள் முன்னறையில் பாதி அக்காவின் தையல் மெஷினுக்கு, மீதி என் மேசைக்கு. மேசைமேல் காலையிலிருந்து ஒரே தாள்தான் கிடந்தது. அட்டைப்படம், உள்பக்கப் படம், முகச்சித்திரம் என்று எழுதி, எதிரே விலை போடாமல் விட்டிருந்தேன். எவ்வளவு எழுதினாலும் எனக்கே அதிகமாகத் தெரிந்தது. அழித்துவிட்டுக் குறைத்து எழுதினால் அக்கா மெஷினை நிறுத்திவிட்டு ஒரு பார்வை பார்த்தாள்.

அவன் என் பழைய ஆபீஸ்காரன். விளம்பரத்துக்கு அவன் வரி எழுதுவான், நான் படம் போடுவேன். நான்கு வருடம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். தனியாகப் படம் வரைந்து பிழைக்க முடியுமா என்று நான் தயங்கிக்கொண்டே இருந்தபோது, "துணிஞ்சு விடு. நான் இருக்கேன்ல" என்றான். அந்த "நான் இருக்கேன்ல"வை வீட்டுக்குக் கொண்டுவந்து எத்தனை விதமாகச் சொல்லிப் பார்க்க முடியுமோ அத்தனை விதமாகவும் சொல்லிப் பார்த்தேன். அக்காவிடமும் சொன்னேன். அடுத்த வாரமே ராஜினாமா கொடுத்தேன்.

அதனால்தான் அவனைப் பார்த்ததும் அக்கா துணிகளை ஒதுக்கிவிட்டு நல்ல நாற்காலியாக இழுத்துப் போட்டாள். அவன் உட்கார்ந்து, முகமெல்லாம் சிரிப்பாக, "உனக்கு முதல் போணி நான்தான்" என்றான். "எனக்குக் கல்யாணம். பத்திரிகைக்கு எங்க ரெண்டு பேரையும் வரைஞ்சு குடு. எவ்வளவு ஆகும்?"

மெஷின் ஓடவில்லை. நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். "உன்கிட்டப் போய்க் காசா..." என்று இழுத்தேன். அதற்குள் அக்கா முந்திக்கொண்டு ஒரு தொகையைச் சொன்னாள். நான் எழுதி அழித்ததைப் போல மூன்று மடங்கு இருக்கும். "கட்டுப்படியாகாதுன்னா வேற ஆளைப் பாத்துக்கங்க தம்பி."

"அவ்வளவுதானாக்கா? பழக்கத்துக்காகக் குறைச்சுச் சொல்லிடுவாளோன்னு பயந்துட்டே வந்தேன். இவ கைக்கு இதுவே கம்மி."

உட்கார்ந்த இடத்திலேயே ஃபோனில் பாதிப் பணத்தை அனுப்பினான். பெண்ணின் போட்டோவையும் அனுப்பினான். ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தேன். ஆனால் அவன் எதை மறைத்தான்? வீட்டில் பெண் பார்க்கிறார்கள் என்று சாப்பாட்டு மேசையில் சிரித்துச் சிரித்துச் சொன்னவன்தான். அவன் பேச்சில் பாதி கேலி என்று நான்தான் எடுத்துக்கொண்டேன். கோபப்படக்கூட அவன் எனக்கு ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

அவன் போனபின் அக்கா ஊசியில் நூலைக் கோக்க முடியாமல் கொஞ்ச நேரம் திணறினாள். "அவ்வளவு சொன்னா எழுந்து ஓடிடுவான்னு நெனச்சேன்டி."

"தெரியும்க்கா."

படத்தை முடித்து அனுப்பினேன். மறுநாள் ஃபோன் வந்தது. அந்தப் பெண்.

"அவரு அப்படியே இருக்காரு. புருவத்துல இருக்கற தழும்புகூட வந்திருக்கு. எந்த போட்டோவைப் பாத்து வரைஞ்சீங்க? எனக்கும் அது வேணும்."

"போட்டோ எதுவும் பாக்கலைங்க."

சொன்னபிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கு உறைத்தது. ஏதாவது சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன். அதற்குள் அவள் மெதுவாக, "என் முகம் மட்டும் யாரோ மாதிரி இருக்கு. நான் நேர்ல வந்து உக்காரட்டுமா?" என்றாள். குரலில் குத்தல் இல்லை. இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

அன்று சாயங்காலமே வந்தாள். அக்கா ஜன்னல் திரையை விலக்கிவிட்டு உள்ளே போய்விட்டாள். வந்தவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் கோத்துக்கொண்டாள். "எனக்கு இதெல்லாம் பழக்கமில்ல" என்றாள். தாடையை இறுக்கிக்கொண்டு, பரீட்சை எழுத வந்தவளைப் போல என்னையே பார்த்தாள். இரண்டு தாள் வீணாயிற்று. அந்த முகத்தை இளக்க ஒரே வழிதான் இருந்தது. அது எனக்குத் தெரிந்திருந்ததுதான் கொடுமை.

"அவரை நெனச்சுக்கங்க" என்றேன்.

முதலில் கண்கள் தணிந்தன. தாடை தளர்ந்தது. பிறகு உதட்டோரம் அவளுக்கே தெரியாமல் நெகிழ்ந்து, ஜன்னல் வெளிச்சம் கன்னத்தில் இறங்கியது.

"அப்படியே இருங்க."

அவள் அசையாமல் இருந்தாள். நான் பென்சிலை எடுத்துக் கண்களிலிருந்து தொடங்கினேன்.