பழக்கத்தில் சேமித்தது

பார்சல் கிடங்கின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத நெட்வொர்க் ஸ்விட்ச் அறைக்குள் வயரக்கா மாட்டிக்கொண்டாள். மாட்டிவிட்டது வேறு யாருமில்லை, அவளேதான்.

கிடங்கில் எல்லோருக்கும் அவள் வயரக்கா. ஒன்பது வருடமாக நெட்வொர்க் மொத்தமும் அவள் தலைக்குள். பாஸ்வேர்டைக்கூட எங்கும் எழுதி வைத்ததில்லை. தனக்கு மட்டும் தெரிந்திருப்பதில் ஒரு கர்வம். அந்தக் கர்வத்தால்தான் ஒரு நாள் லீவுக்குக்கூட வழியில்லாமல் போனது. இன்று மூன்று மணிக்கு வேறு கம்பெனியில் இன்டர்வியூ. பல்வலி என்று பொய் சொல்லி வைத்திருந்தாள்.

கிளம்பும் நேரம் பார்த்து மேனேஜர் கூப்பிட்டார். "பார்சல் பெல்ட் எல்லாம் நிக்குது வயரக்கா. ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போயிடுங்க."

யாரோ ஒரு புண்ணியவான் கீழ் ஸ்விட்சுக்கும் மேல்மாடி ஸ்விட்சுக்கும் நடுவில் இரண்டாவது கேபிளைச் செருகியிருந்தான். தகவலெல்லாம் செக்குமாடாய் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. அதை மேல்மாடி முனையிலேயே பிடுங்கினாள், பெல்ட் ஓடியது. அத்தோடு போயிருக்கலாம். போவாளா? அடித்தள அறைக்கு இறங்கினாள். இனி எவன் செருகினாலும் ஒரு வழி தானாக அடைபடட்டும் என்று லேப்டாப்பிலிருந்தே இரண்டு ஸ்விட்சிலும் ஸ்பேனிங் ட்ரீயைப் போட்டாள். அது ஓடும்வரை ஒவ்வொரு ஸ்விட்சும் மற்றதற்குக் குரல் கொடுத்துக்கொண்டே இருக்கும். அவசரத்தில், இன்னொரு ஸ்விட்சின் குரல் கேட்டால் கேபிள் செருகும் போர்ட்டையே மூடிவிடும் காவலை, மேல் ஸ்விட்சில் தப்பான போர்ட்டில் வைத்தாள். அது இந்த அறைக்கு வரும் போர்ட். கீழ் ஸ்விட்சின் குரலைக் கேட்டதும் மூடிக்கொண்டது.

கதவின் கார்டு பெட்டியும் சுவர் ஃபோனும் அந்த ஒரே கேபிளை நம்பித்தான் இருந்தன. உள்ளிருந்து திறக்கவும் கார்டு வேண்டும். கார்டைக் காட்டினாள். சிவப்பு. செல்போனில் சிக்னல் இல்லை.

முதலில் அவள் பதறவில்லை. வேலையைத் தொடுமுன், இருபது நிமிடத்தில் மேல் ஸ்விட்ச் தானாக அணைந்து எழும்படி நேரம் வைத்திருந்தாள். சேமிக்காத மாற்றமெல்லாம் அப்போது அழிந்துவிடும். ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

சட்டென்று எழுந்தாள். சேமித்திருந்தாள். எதை மாற்றினாலும் உடனே சேமிப்பது அவள் விரல்களின் பழக்கம். அணைந்து எழுந்தாலும் அதே காவல், அதே மூடிய போர்ட்.

கதவை ஓங்கி ஓங்கி அடித்தாள். மேலே பெல்ட்டுகளின் இரைச்சல். அவளே ஓடவிட்ட பெல்ட்டுகள். அழுகை வந்தது. மணி இரண்டு பத்து. மேல் ஸ்விட்ச் அணைய இன்னும் ஆறு நிமிடம்.

எழும்போது போர்ட் திறந்துதானே எழும், குரல் கேட்டால்தானே மூடும்? லேப்டாப்பை இழுத்து, கீழ் ஸ்விட்சில் ஸ்பேனிங் ட்ரீயை நிறுத்தி அதன் வாயை அடைத்தாள். பிறகு சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இரண்டு இருபதுக்குப் பச்சை எரிந்தது.

படிக்கட்டில் மேனேஜர் எதிரே வந்தார். "நல்லவேளை, இருக்கீங்க. அப்படியே ரெண்டாவது மாடியையும் பாத்துடுங்க. உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா?"

ஒன்பது வருடமாக அவளைக் குளிரவைத்த வார்த்தை. இன்று இன்னொரு கதவைப் பூட்டியதுபோல் கேட்டது.

பார்சல் ஸ்டிக்கர் ஒன்றை உரித்து, பாஸ்வேர்டையும் எந்தப் போர்ட்டில் காவலை எடுக்க வேண்டும் என்பதையும் எழுதி அவர் கையில் ஒட்டினாள். "பல்வலி இல்ல சார். இன்டர்வியூ."

அவர் ஸ்டிக்கர் ஒட்டிய கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவுதானா?"

அவளுக்குச் சுருக்கென்றது. வாசலுக்குப் படியேறினாள்.