அப்பா தூங்குகிறார்

பூனையின் பாட்டுக்கு இணையத்தில் முதன்முதலாக ஒரு விமர்சனம் வந்தது. எழுதியவர் அவளுடைய குரலைப் பற்றி மட்டுமே மூன்று பத்தி எழுதியிருந்தார். "காதோரம் வந்து ரகசியம் சொல்லும் குரல். கத்திப் பிழைக்கும் உலகத்துக்கு எதிரான மென்மையின் கலகம்" என்றெல்லாம் போட்டிருந்தது. பூனை அதைத் துணி அலமாரிக்குள் உட்கார்ந்தபடியே படித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கலகமாவது கத்திரிக்காயாவது. பக்கத்து அறையில் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான் விஷயம்.

அப்பாவுக்கு ஒரு நாளிதழ் அச்சகத்தில் மிஷின் ஓட்டும் வேலை. ஊர் தூங்கும்போது பேப்பர் அடிப்பார், ஊர் எழுந்திருக்கும்போது வந்து படுப்பார். அவள் பிறப்பதற்கு முன்பிருந்தே அப்படித்தான். ஆகவே அந்த வீட்டில் பகலுக்கு ஒரே ஒரு சட்டம்: அப்பா தூங்குகிறார். சட்டம் போட்டவளும் அம்மாதான், அதற்குக் காவல் நின்றவளும் அம்மாதான். கரண்டி ஒன்று கை தவறி விழுந்தால், சத்தத்தைவிட அம்மா திரும்பிப் பார்க்கும் பார்வைதான் பயமாக இருக்கும். நடக்கப் பழகியபோதே நுனிக்காலில் பழகிய பிள்ளைக்குப் பூனை என்று பட்டப்பெயர் வைக்காமல் வேறென்ன வைப்பார்கள்? பாட்டுப் போடவும் அவள் அதையே எடுத்துக்கொண்டாள். சொந்தப் பெயரில் பாடினால் சொந்தக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். பயந்தாங்கொள்ளி என்பதற்குப் புனைபெயர் என்று ஒரு நாகரிகமான ஏற்பாடு இருக்கும்போது அதை விடுவானேன்?

அவளுடைய ஒலிப்பதிவுக் கூடத்தைப் பார்த்திருந்தால் அந்த விமர்சகர் பேனாவைக் கீழே வைத்திருப்பார். அம்மா வேலைக்குப் போனதும் அலமாரியின் அடித்தட்டைக் காலி செய்துவிட்டு உள்ளே புகுந்துகொள்வாள். தொங்கும் துணிகளுக்கு நடுவே ஒரு ஹேங்கரில் கைப்பேசியைக் கட்டித் தொங்கவிடுவாள். கிதார் கம்பிகளுக்கு அடியில் ஒரு காலுறை. எல்லாவற்றுக்கும் மேலே கம்பளி. உள்ளே வியர்வையில் குளித்துக்கொண்டே பாடுவாள். கேட்டவர்களோ, "குளிர்காலத்துக் குரல்" என்றார்கள். கிதாரின் மங்கலான ஓசை குறிப்பிட்ட ஒரு வெளிநாட்டு மைக்கில்தான் கிடைக்கும் என்று ஒருவர் அடித்துச் சொன்னார். பூனை மறுக்கவில்லை. அது அப்பாவின் பழைய காலுறை என்று எந்த வாயால் சொல்வது?

மாலையில் அவளுக்கு ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பாளர் வேலை. அங்கே இந்தக் குளிர்காலத்துக் குரல் செல்லுபடியாகவில்லை. அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எதிரில் இருப்பவர் எழுந்திருக்க மாட்டார். "கூப்பிட்டியா, இல்ல மனசுக்குள்ள நெனச்சியா?" என்று டாக்டரே வெளியே வந்து கேட்பார். அதே குரலைத்தான் நாலாயிரம் பேர் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கண்ணீரோடு கேட்கிறார்கள் என்று டாக்டரிடம் சொல்ல அவளுக்கு ஆசைதான். ஆனால் சொன்னாலும் அவர் காதில் விழாது.

அந்த நாலாயிரம் பேரில் ஒருவன்தான் தாடி. இணைய வானொலி ஒன்றை நடத்துகிறவன். அவளுடைய ஐந்து பாட்டுகளைச் சேர்த்து ஒரு தொகுப்பாகக் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தான். நாலு போய்ச் சேர்ந்துவிட்டன.

"அஞ்சாவது எங்க?" என்று போனில் கேட்டான்.

"இருக்கு. ஆனா அப்பா ஒரு தடவ கேக்கணும்."

"முந்தின நாலும் அவர் கேட்டாரா?"

"இல்ல. இது அவரப் பத்தின பாட்டு."

தாடி பெருமூச்சு விட்டான். "ஞாயித்துக்கிழமைக்குள்ள வரலன்னா நாலோட விட்டுருவேன். அப்புறம் என்னத் திட்டாதே."

முந்தின நாலையும் அவளே கிண்டல் செய்வாள். ஒன்று மழையைப் பற்றி, ஒன்று ஜன்னலைப் பற்றி, ஒன்று ஜன்னலில் விழும் மழையைப் பற்றி, நாலாவது எதைப் பற்றி என்று அவளுக்கே தெரியாது. ஐந்தாவதை மட்டும் அவளால் கிண்டல் செய்ய முடியவில்லை. 'நீ தூங்கும் வீட்டில் நான் நுனிக்காலில் வளர்ந்தேன், உன் மூடிய கதவைத்தான் அப்பா என்று அழைத்தேன்' என்று அது ஆரம்பித்தது. யாரோ நாலாயிரம் பேருக்குத் தெரிந்த பிறகு அப்பாவுக்குத் தெரிவது அசிங்கம் என்று நினைத்தாள். அவர் வேண்டாம் என்றால் அழித்துவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். வேண்டாம் என்று சொல்லவாவது அவர் அவளோடு நாலு வார்த்தை பேச வேண்டியிருக்குமே என்ற நப்பாசையும் அதில் இருந்தது.

வியாழக்கிழமை பிற்பகல் அப்பா எழுந்து வந்து, சாப்பாட்டு மேஜையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். பூனை கிதாரோடு எதிரில் உட்கார்ந்தாள். "அப்பா, ஒரு பாட்டு. கேளுங்க" என்றாள். பாடினாள். அலமாரியில் பாடுவதுபோலவேதான் பாடினாள், அவளுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அப்பா டம்ளரை வைத்துவிட்டு, கண்ணெடுக்காமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி வரியில் அவள் உதடு கோணியது. முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ம்" என்றார். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

இருபத்து நாலு வருஷத்தைக் கொட்டிக் கொடுத்தால் பதிலுக்கு ஒரு மெய்யெழுத்து. வேண்டாம் என்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அன்று மாலை பல் மருத்துவமனையில், வலியில் வந்தவர்களைவிட அவள் முகம்தான் வீங்கியிருந்தது.

மறுநாள் காலை அம்மா கிளம்பியதும் அவள் அலமாரிக்குள் போகவில்லை. அப்பாவின் அறைக்கதவு வழக்கம்போலச் சாத்தியிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. கலைஞர்களுக்குக் கோபம் வந்தால் உன்னதமாக ஏதாவது செய்வார்கள் என்று படித்திருந்தாள். அவள் கிதாரிலிருந்து காலுறையை உருவி வீசினாள். பிறகு கூடத்தின் நடுவில் நின்று, அந்தக் கதவைப் பார்த்து, அதே பாட்டை அடிவயிற்றிலிருந்து பாடினாள்.

குளிர்காலமும் இல்லை, ரகசியமும் இல்லை. சந்தையில் பிள்ளையைத் தொலைத்தவள் கூப்பிடுவதுபோல இருந்தது. எழும்புவாரா, எழும்பி வந்து திட்டுவாரா, திட்டட்டும். இரண்டாவது சரணத்தில் வாசல் கதவு இடிபட்டது.

மேல்வீட்டு அக்கா நின்றிருந்தாள், இடுப்பில் அழும் குழந்தையோடு. "என்னம்மா, வீட்ல ஏதாவது சண்டையா?"

"இல்லக்கா. பாட்டு."

"பாட்டா?" அக்கா அவளை இரக்கத்தோடு பார்த்தாள். "இப்பத்தான் இவனத் தூங்க வச்சேன், முழிச்சுக்கிட்டான். ஆமா, உங்க வீட்ல அப்பா தூங்குவாரே, இந்தச் சத்தத்துல எப்படிம்மா தூங்குறாரு?"

அக்கா போன பிறகு பூனை அங்கேயே நின்றாள். நல்ல கேள்வி. இருபத்து நாலு வருஷத்தில் அந்த வீட்டில் யாரும் கேட்காத கேள்வி.

அவள் போய் அப்பாவின் அறைக்கதவைத் திறந்தாள். அப்பா தூங்கவில்லை. கட்டிலின் ஓரத்தில், கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, நிதானமாகக் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா" என்றாள். அவர் அடுத்த விரலுக்குப் போனார். "அப்பா!" என்று கத்தினாள். கையைத் தட்டினாள். நகவெட்டி தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. சுற்றிக்கொண்டு எதிரில் போய் நின்றதும் அப்பா தூக்கிவாரிப் போட்டு நிமிர்ந்தார்.

"எப்ப வந்தே?"

"எத்தன நாளாப்பா காது கேக்கல?" என்றாள்.

அப்பா அவள் உதட்டைப் பார்த்தார். பிறகு நகவெட்டியை மடக்கினார்.

"கொஞ்சம் கொஞ்சமாப் போச்சு. இடது பக்கம் சுத்தமா இல்ல. வலது பக்கம் கிட்ட வந்து சத்தமாப் பேசினா விழும். மிஷின் பக்கத்துலயே நின்னா வேற என்ன ஆகும்? அம்மாகிட்ட சொல்லாதே, பயப்படுவா. அச்சகத்துல தெரிஞ்சா மிஷினவிட்டு எடுத்து வாசல் கேட்டுல காவலுக்கு உக்கார வச்சிருவாங்க."

"நேத்துப் பாடினேனே?"

"வாய் அசஞ்சுது. பேச்சுன்னா உதட்டப் பாத்தே புரியும், பாட்டுல பிடிபடல. கடைசில அழப்போற மாதிரி இருந்துச்சு. என்னப் பத்தித்தான் ஏதோ சொல்றேன்னு தெரிஞ்சுது. நல்லதா கெட்டதான்னுதான் தெரியல." அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கேக்கவும் வெக்கமா இருந்துச்சு. அதான் 'ம்'ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டேன்."

செவிடன் காதில் ஊதிய சங்கு என்ற பழமொழியை இனி ஆயுசுக்கும் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தோன்றியது. தன் மேல் அவளுக்கு வந்த வெட்கம் கொஞ்சநஞ்சமல்ல. அவருக்காகத்தான் இந்தக் குரலையே கிசுகிசுப்பாகத் தேய்த்து வைத்திருந்தாள், அதற்கு ஒரு கலைப்பெயரும் வாங்கியிருந்தாள். முகம் தெரியாத நாலாயிரம் பேருக்கு எட்டிய அந்தக் குரல் இவர் ஒருவருக்கு எட்டாது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிட்டது என்று நினைக்குமாம். இந்தப் பூனை வாயையும் மூடிக்கொண்டிருந்தது.

"இப்பப் பாடு" என்றார் அப்பா. வலது காதை அவள் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவள் கட்டிலில் அவரை ஒட்டி உட்கார்ந்து, இரண்டு கையையும் அவர் காதைச் சுற்றிக் குவித்துப் பாடினாள். கத்தினாள் என்றும் சொல்லலாம். குரல் உடைந்தது, சுதி போனது, மேல்வீட்டில் தரையைத் தட்டினார்கள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டினார். மூடிய கதவு வந்த இடத்தில் தலை நின்றுவிட்டது.

பாட்டு முடிந்ததும் அவர் காதிலேயே கேட்டாள்: "இத வெளிய விடலாமாப்பா? வேணாம்னா வேணாம்."

"விடு. இருந்ததத்தானே பாடியிருக்கே." பிறகு, புரியாத ஒன்றைக் கேட்கிறவராக அவளைப் பார்த்தார். "ஆனா உன்ன யாரும்மா மெதுவா நடக்கச் சொன்னது? காது நல்லா இருந்தப்பக்கூட எனக்குச் சத்தம் இருந்தாத்தான் தூக்கம் வரும். மிஷின்ல பழகினவன். வீடு அப்படி அமைதியாக் கெடந்தா, நீங்க ரெண்டு பேரும் எங்கயோ போயிட்டீங்கன்னு நெனச்சு முழிச்சுக்கிட்டுப் படுத்திருப்பேன்."

பூனை அப்படியே அவர் தோளில் முகத்தை வைத்து அழுதாள். வாயைப் பொத்திக்கொள்ளவில்லை.

"இது கேக்குது" என்றார் அப்பா.