வடக்கு கேட் பதிவேடு

அரசுக் காட்டின் வடக்கு கேட்டில் பத்தொன்பது வருஷம் காவல் இருந்தவருக்குக் கூட்டம் என்றாலே ஆகாது. ஆனாலும் வனத்துறை ஊர்க்காரர்களிடம் கருத்துக் கேட்ட அன்று, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு மனைவியோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அவருடைய கேட்டை மூடிவிடலாமா என்பதுதான் பேச்சு.

ஒரு மணி நேரமாக மல்லுக்கு நின்றார்கள். "காடு எங்க வரிப்பணத்துலதானே இருக்கு, உள்ள போக யாரைக் கேக்கணும்?" என்றார் பழக்கடைக்காரர்.

"உங்க கடை பிளாஸ்டிக் பையும் அங்கதான் இருக்கு, மான் வயித்துல," என்றார் ஒரு டீச்சர்.

காவலருக்கு இரண்டுமே நியாயமாகப் பட்டன. அது அவருக்குப் பழைய வியாதி. எதிரே யார் பேசினாலும் தலை தானாக ஆடும்.

பிறகு டெய்லர் அக்கா எழுந்தார். பக்கத்து நாற்காலியில் அவர் கணவர், வலது கையை மடியில் போட்டபடி.

"இவருக்குக் கை கால் இழுத்துக்கிட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. ரோட்டுல நடக்கவிட்டா லாரி மேல ஏறிடும். தினமும் காலைல வடக்கு கேட் வழியாத்தான் கூட்டிட்டுப் போறேன். இப்ப என் தோளைப் பிடிக்காமலே ஓடை வரைக்கும் நடக்கிறாரு. மெயின் கேட் ஏழு கிலோமீட்டர். நான் என்ன, தூக்கிட்டா போக முடியும்?"

கூட்டத்தை நடத்திய வனத்துறை அதிகாரி அம்மாள் சின்ன வயசு, நல்ல மாதிரி. குரலை உயர்த்தாமல் வடக்கு கேட் பதிவேட்டைத் திறந்தார். "உங்களை நம்பலைன்னு நினைக்காதீங்கம்மா. ஒரு கேட்டுக்கு ஆள் போடணும்னா எத்தனை பேர் வர்றாங்கன்னு நான் மேல காட்டணும். போன வருஷம் முழுக்க இதுல நாப்பத்தோரு பேர்தான். உங்க பேர் ஒரு நாள்கூட இல்லையே."

டெய்லர் அக்கா காவலர் பக்கம் திரும்பவே இல்லை. காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை போலும்.

அந்த நாற்பத்தொரு பேரும் வெளியூர்க்காரர்கள். உள்ளூர்க்காரர்களை அவர் எழுதியதே கிடையாது. தினம் பார்க்கிற அக்காவை நிறுத்திவைத்துப் பெயர் கேட்பதா? கால் வராத மனுஷன் நிற்கக் கூடாதே என்று அவர்கள் தூரத்தில் வரும்போதே கேட்டைத் திறந்து வைக்கிறவர் அவர். அந்த மரியாதைதான் இப்போது கேட்டுக்கே பூட்டுப் போடப் பார்த்தது.

அவர் எழுந்திருக்கப் போவது தெரிந்து மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ரிட்டையர் ஆக எட்டு மாசம்தான் இருக்கு. வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருங்க."

அவர் எழுந்துவிட்டார். "மேடம், அவங்க தினமும் வர்றாங்க. இன்னும் அறுபது எழுபது பேர் வர்றாங்க. நான்தான் எழுதல."

"ஏன் எழுதல?"

"தெரிஞ்சவங்க, மேடம்."

யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. "இதை நீங்க எழுதிக் கொடுத்தா உங்க மேல நடவடிக்கை வரும். கொடுக்கலைன்னா கேட்டை மூடத்தான் வேணும். யோசிச்சுக்குங்க."

காவலர் சட்டைப் பையைத் தடவினார். பேனா இல்லை. மனைவி, "எல்லாம் என் தலையெழுத்து," என்று முணுமுணுத்துக்கொண்டே தன் பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள். அவர் எழுதி முடிக்கிறவரை பக்கத்திலேயே நின்றாள்.

கேட்டுக்கு மூன்று மாதம் தவணை கிடைத்தது. வருகிறவர்களை ஒழுங்காக எண்ணிப் பார்த்துவிட்டு முடிவு. காவலருக்கு சஸ்பெண்ட்.

திங்கட்கிழமை காலை அவர் போனபோது, அவருடைய ஸ்டூலில் மெயின் கேட்டிலிருந்து வந்த பழைய கூட்டாளி உட்கார்ந்திருந்தார். வரிசை நீண்டிருந்தது. டெய்லர் அக்காவின் கணவர் அந்த ஸ்டூலை வாங்கி உட்கார்ந்து, இடது கையால் தன் பெயரைத் தானே எழுதினார். ஐந்து நிமிஷம் ஆயிற்று. வரிசையில் ஒருவரும் முனகவில்லை. காவலரும் வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

அவர் முறை வந்ததும் கூட்டாளி பதிவேட்டை மூடிவைத்துக் கையைக் காட்டினார். "உன்னை என்னப்பா எழுதறது? உனக்குத் தெரியாத கேட்டா? போ உள்ள."

"எழுதுப்பா," என்றார் காவலர். "தெரிஞ்சவங்களைத்தான் முதல்ல எழுதணும்."

கூட்டாளி பதிவேட்டைத் திரும்பத் திறந்து எழுதி முடிக்கிறவரை அவர் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.