வேன் நின்ற இடம்

அக்கா புருஷன் வேண்டுமென்றேதான் வேனை எடுக்கவில்லை. கடைத்தெருவில் சைக்கிளுக்குத் தனிப் பாதை போடப்போகிறோம், காலையில் வண்டிகளை எடுத்துவிடுங்கள் என்று கடைகடையாகச் சொல்லியிருந்தோம். எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே எடுத்தார்கள். மாமா மட்டும் தன் மெத்தைக் கடை வாசலில் வேனைப் பூட்டிவிட்டு உள்ளே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. வண்டி நகரவில்லையென்றால் அதைச் சுற்றிப் பெயிண்ட் அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். கலக்கிய பெயிண்ட் யாருக்காகவும் காத்திருக்காது. தெரு நெடுகச் சைக்கிள் பாதை பச்சை. மாமா வாசலில் மட்டும் வேன் அளவுக்குக் கறுப்பாக ஓர் ஓட்டை.

"படிப்பை விட்டுட்டு ரோட்டுக்குச் சாயம் பூச வந்துட்டான்" என்றார், தெருவே கேட்கும்படி. "என் வாசல்ல பூச விடுவேனா மச்சான்?"

அந்த ஓட்டைதான் அவர் கழுத்தை நெரித்தது. பச்சையில் நிறுத்தினால் அபராதம். அதனால் தெருவுக்குள் வந்த ஒவ்வொரு காரும் அந்தக் கறுப்பைத் தேடி வந்தது. மாமா ஒரு மெத்தையை இறக்கிவிட்டு வருவதற்குள் எவனாவது அங்கே நிறுத்திவிட்டுச் சினிமாவுக்குப் போயிருப்பான். ஒருவன் சட்டையைப் பிடித்தார். அவனும் திருப்பிப் பிடித்தான். கடைசியில் வேனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். மெத்தை வாங்குகிறவன் தலையில் சுமந்துகொண்டா போவான்? எதிர்க் கடைக்குப் போனான். எதிர்க் கடைக்காரன் தெருமுனையில் எல்லோருக்கும் பொதுவாக ஒதுக்கிய சரக்கேற்றும் இடத்தில் வண்டியை நிறுத்தி, தள்ளுவண்டியில் மெத்தையைக் கொண்டுபோய் ஏற்றினான். அவனோடு ஒரே இடத்தைப் பங்குபோடுவதா என்று மாமா அந்தப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை.

அக்கா என்னிடம் வந்தாள். இப்படியே போனால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான், அந்த ஓட்டையை அடைத்துவிடு என்றாள். மேஸ்திரியிடம் சொன்னேன். விடுபட்ட இடங்களை நிரப்பும் வேலையில் இதையும் சேர்த்துக்கொண்டார்.

நாங்கள் போனபோது மாமா சாவியைத் தரவில்லை. "வண்டி நகர்ந்தா இடம் போச்சு."

"இடத்தை வச்சு என்ன, அடைகாக்கறீங்களா?" என்றாள் அக்கா. கல்லாவிலிருந்த மாற்றுச் சாவியை எடுத்து, தானே வேனை ஓட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போனாள்.

மாமா காலி இடத்தின் நடுவில் போய் நின்றார். சைக்கிளில் வந்த ஒருத்தி அவரைச் சுற்றி வளைத்து ஓட்டிக்கொண்டு, "சார், புதுசா நட்ட கம்பமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அந்தக் கோபமும் என்மேல்தான் விழுந்தது.

"இப்போ அடிடா பாக்கலாம்."

மேஸ்திரியைப் பார்த்தேன். பெயிண்ட் கலக்கியாச்சு என்று மட்டும் சொன்னார்.

அடித்தேன். உருளையை அவர் செருப்பின் விளிம்புவரை கொண்டுபோனேன். நாலு பக்கமும் ஈரப் பச்சை. புதுச் செருப்பு, பெயிண்ட் ஒட்டிவிடும் என்று அவர் அசையவில்லை. அக்கா ஒரு தள்ளுவண்டியோடு திரும்பி வந்து, கடைக்குள்ளிருந்து மெத்தையை ஏற்றி, நடைபாதையில் அவர் முதுகுப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனாள்.

கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். "டேய், அது எதிர்க் கடைக்காரன் தள்ளுவண்டிடா."

"மெத்தை உங்களோடதுதானே மாமா."

பெயிண்ட் காயும்வரை நின்றுவிட்டுத்தான் போனார். அந்த இடத்தில் இன்னும் செருப்பளவுக்கு இரண்டு கறுப்பு தெரிகிறது. நிரப்பச் சொல்லி அவர் ஆள் அனுப்பினார். நான் போகவில்லை.