வாரேனுங்க

தோட்டத்தை விற்றுவிட்டு மகனோடு திருப்பூர் போகவிருந்த காளியாத்தாளுக்கு ஒரே கவலை, யார் கைக்கும் சிக்காமல் அங்கே திரிந்த செவலைப் பூனைதான். அதைக் கருவாடு காட்டிக் கோழிக்கூண்டில் அடைத்து, வெண்ணந்தூர் ஜீவகாருண்யச் சங்கத் தலைவர் நவநீதகிருஷ்ணன் வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

தலைவர் பொன்னாடை போர்த்திக்கொண்டு கூண்டோடு போட்டோ எடுத்துக்கொண்டார். அவள் கிளம்பியதும் பூனையை ஏரிக்கரையில் விட்டுவிடுவது என்பது அவருடைய திட்டம்.

"இனி இது உங்க ஊட்டுப் புள்ளைங்க, சாமி," என்று கண்ணைத் துடைத்தவள் வாசலில் திரும்பி, "அப்ப வாரேனுங்க" என்றாள்.

தலைவருக்கு வியர்த்தது. "எப்ப வருமாம் அந்தம்மா?"

"ஏனுங்க, ஊருக்குப் போறவங்க எல்லாரும் சொல்றதுதானுங்களே அது!" என்று மனைவி சிரித்தாள்.

"எனக்குத் தெரியாதாக்கு? நெசமாவே வந்து நின்னுட்டா? போட்டோ ஊரெல்லாம் சுத்துதே!"

ஏரிக்கரைக்குப் போகாத பூனை தலைவரின் கார் பானெட்டில் குடியேறிவிட்டது. கிட்டப் போனால் சீறுகிறது. கேட் சத்தம் கேட்டாலே தலைவர் பால் கிண்ணத்தோடு ஓடிவந்து நிற்கிறார். ஜீவகாருண்யம் பற்றிப் பேச இப்போதெல்லாம் பஸ்ஸில்தான் போகிறார்.