கருமாதிக்கு வந்தவள்

அப்பாசாமி இறந்த பத்தாம் நாள் அவர் மகன் நமசிவாயம் அடி அண்ணாமலையிலிருந்து சைக்கிளில் என் வீட்டுக்கு வந்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு, தை மாதம்.

"டீச்சரம்மா, அப்பாவுக்கு மடல் எழுதித் தரணும். கருமாதிக்கு இன்னும் ஆறு நாள்தான் இருக்கு."

எங்கள் பக்கத்து ஊர்களில் அப்போது கருமாதிக்கு வருகிறவர்களுக்கு ஒரு மடல் கொடுப்பார்கள். இறந்தவர் எங்கே பிறந்தார், எப்படி வாழ்ந்தார், யாரை விட்டுப் போனார் என்று ஒரு பக்கம் இருக்கும். நான் பெண்கள் பள்ளியில் ஆசிரியை. என் அப்பா போனபோது நானே எழுதியதைப் பார்த்து ஒருவர் கேட்டார். பிறகு ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். செங்கம் ரோட்டில் அச்சகம் வைத்திருந்த ஜியாவுல்லா பாய் அச்சடிப்பார். பதினொரு வருடத்தில் இருநூறு பேருக்காவது எழுதியிருப்பேன். யாரோ ஒரு கிணறு வெட்டுகிறவர், யாரோ ஒரு பூக்காரம்மா. எழுதி முடிக்கும்போது அவர்கள் எனக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிடுவார்கள்.

அப்பாசாமி வீட்டுக்கு நான் எழுதப்போகும் இரண்டாவது மடல் இது. எட்டு வருடத்துக்கு முன் அவர் மகள் வள்ளிக்கு எழுதினேன். என்னிடம் படித்த பெண். பத்தொன்பது வயதில், வந்தவாசியில் அத்தை வீட்டுக்குப் போன இடத்தில் வாந்திபேதி கண்டு இறந்துவிட்டாள் என்றார்கள். நோய் பரவுமென்று அங்கேயே அடக்கம் செய்துவிட்டதாக அப்பாசாமி சொன்னார். நெற்றியில் ஒரு தழும்பு; தப்புச் சொன்னால் இடுப்பில் கைவைத்து என்னையே திருத்துகிற பெண். கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் அன்றைக்கு எழுதினேன்.

நமசிவாயம் அப்பாவைப் பற்றிச் சொன்னதையெல்லாம் குறித்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்ததையும் சேர்த்தேன். மகள் வாந்திபேதியில் போன பிறகு அப்பாசாமி ஒரு பொங்கலுக்கும் புதுவேட்டி கட்டியதில்லை. அதைப் படித்துக் காட்டியதும் நமசிவாயம் தரையைப் பார்த்தான்.

"அது எதுக்குங்க டீச்சர்? வேணாமே."

துக்கத்தில் சொல்கிறான் என்று நினைத்தேன். "இருக்கட்டும்பா. ஒரு தகப்பனோட மனசு அதுலதான் தெரியுது" என்றேன்.

கருமாதி அன்று காலையில் மடல் கட்டோடு நானே போனேன். ஆண்கள் குளக்கரையில் இருந்தார்கள். வீட்டுப் பந்தலில் பெண்கள். நடுவில், தலை நிறையப் பூவும் இரண்டு கை நிறைய வளையலுமாக, கடைசி முறையாக அலங்காரம் செய்து உட்காரவைக்கப்பட்டிருந்தாள் அப்பாசாமியின் மனைவி ராஜம்மாள். நான் மடல்களைக் கொடுத்துக்கொண்டே வந்தேன். பந்தல் ஓரத்தில், நாலைந்து வயதுப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருத்தி முக்காடு போட்டு நின்றாள். வெளியூர்க்காரி என்று நினைத்து அவளிடமும் ஒன்று நீட்டினேன்.

நாலு அடி போயிருப்பேன்.

"டீச்சர்."

திரும்பினேன். முக்காடு விலகியிருந்தது.

"டீச்சர், இதுல நான் செத்துட்டேன்னு போட்டிருக்கே."

என் கையிலிருந்த கட்டு கீழே விழுந்தது. அந்த நெற்றித் தழும்பு, அந்தக் குரல். பந்தல் காலைப் பிடித்துக்கொண்டேன்.

"வள்ளி... நீயா?"

"நான்தான் டீச்சர். நான் எங்க செத்தேன்? அரக்கோணத்துல இருக்கேன். அவரு ரயில்வேல வேலை பார்க்குறாரு. வேற ஜாதி. ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கிட்டோம். அப்பா என்னைத் தலை முழுகிட்டாருன்னு தெரியும். வருஷா வருஷம் லெட்டர் போட்டேன், பதிலே இல்ல. அப்பா போயிட்டாருன்னு வந்தவாசி அத்தைதான் இப்ப கார்டு போட்டாங்க. ஆனா..." மடலை மறுபடி பார்த்தாள். "வாந்திபேதியா? எனக்கா?"

நான் எழுதியது. என் எழுத்து. ஒரு வார்த்தை, உடலைப் பார்த்தது யார் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

அதற்குள் ஒருத்தி வீறிட்டாள். பெண்கள் பாயை விட்டு எழுந்து சுவரோரம் ஒதுங்கினார்கள். ராஜம்மாள் மட்டும் எழுந்திருக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு உட்கார்ந்தபடியே நகர்ந்து வந்து வள்ளியின் பாதத்தைத் தொட்டாள். கணுக்காலைத் தடவினாள். அழுத்திப் பார்த்தாள்.

"சூடா இருக்கு" என்றாள் என்னைப் பார்த்து. "டீச்சரம்மா, காலு சூடா இருக்கு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தத் தாய்க்கும் தெரியாது. எட்டு வருடமாக இவளும் மகளைச் செத்தவளாகவே நினைத்து அழுதிருக்கிறாள்.

"அம்மா, உனக்குமா சொல்லல?" என்று வள்ளி குழந்தையோடு தரையில் விழுந்தாள். ராஜம்மாளுக்கு அழுகை வரவில்லை. மகளின் முகத்தையும் பேத்தியின் முகத்தையும் மாற்றி மாற்றித் தொட்டுக்கொண்டிருந்தாள்.

செய்தி போய் நமசிவாயம் ஈர வேட்டியோடு ஓடிவந்தான். தங்கையைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"டேய், உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் ராஜம்மாள்.

"அப்பா சத்தியம் வாங்கிட்டாரும்மா."

"லெட்டர் வந்துச்சாம்."

"அவரு கிழிச்சுடச் சொன்னாரு."

"எத்தினி?"

அவன் வேட்டி நுனியைப் பிழிந்தான்.

"நான் அன்னந்தண்ணி இல்லாம கெடந்தப்ப பக்கத்துலயே உக்காந்திருந்தாரேடா. கஞ்சி ஊத்திவுட்டாரேடா. அப்பக்கூட சொல்லணும்னு தோணலையா அந்த மனுஷனுக்கு?"

ராஜம்மாள் தலையிலிருந்த பூவைப் பிடுங்கிப் பாயில் போட்டாள். வளையல்களை ஒவ்வொன்றாகத் தானே கழற்றி வைத்தாள். தாலிக்கு அவள் கை போனபோது ஒரு கிழவி பதறி எழுந்தாள்.

"அம்மாடி, அதுக்கு முறை இருக்கு!"

"இவளுக்கு எட்டு வருஷம் அழுதுட்டேன். அவருக்கு அழ எங்கிட்ட எதுவும் மிச்சமில்ல" என்றபடி தாலியையும் கழற்றி வளையல்களின் மேல் வைத்தாள். பேத்தியைத் தூக்கிக்கொண்டாள். "நட, வள்ளி."

இருவரும் தெருவில் இறங்கி நடந்தார்கள். யாரும் தடுக்கவில்லை. நான் மடல்களைப் பொறுக்கிக்கொண்டு ஜியாவுல்லா பாயின் அச்சகத்துக்குப் போனேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் மைபட்ட கையாலேயே நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"யா அல்லா! உசுரோட இருக்கிற புள்ளைக்கா அச்சடிச்சோம்?"

அதன் பிறகு இரண்டு வருடம் நான் யாருக்கும் எழுதவில்லை. மீண்டும் எழுதத் தொடங்கியபோது, கேட்கக் கூசுகிற கேள்விகளையும் கேட்டேன். சிலர் கோபித்துக்கொண்டு எழுந்துபோனார்கள்.

அறுபத்தெட்டு ஆவணியில் வள்ளியிடமிருந்து கார்டு வந்தது. அம்மா போய்விட்டாள், நீங்கள்தான் எழுதவேண்டும் என்று. அரக்கோணம் போனேன். ராஜம்மாள் அந்த ஆறு வருடமும் ரயில்வே குடியிருப்பில் எருமை வைத்துப் பால் ஊற்றியிருக்கிறாள். மாப்பிள்ளையோடு சீட்டாடித் தோற்றால் சாப்பிடமாட்டாளாம். பம்பாய் மெயில் போகும்போது வேலையை விட்டுவிட்டு வேலியோரம் போய் நிற்பாளாம். எல்லாவற்றையும் எழுதினேன்.

நமசிவாயமும் வந்திருந்தான். உள்ளே வராமல் தெருமுனை வேப்பமரத்தடியிலேயே நின்றான். கொஞ்ச நேரம் பொறுத்து வள்ளி போய், கையைப் பிடித்து அழைத்து வந்தாள். மடலை அச்சுக்குக் கொடுக்கும் முன் இருவரையும் உட்காரவைத்து வாசித்தேன்.

"மகன் நமசிவாயம், மகள் வள்ளி" என்ற இடத்தில் நிறுத்தி, "சரியா இருக்கா?" என்று கேட்டேன்.

வள்ளி அண்ணனைப் பார்த்தாள். அவன் வாயைத் துண்டால் மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினான்.