இரண்டாவது ஒப்பம்

ஹியூபேட்டின் இதயத்தில் ஸ்டென்ட் வைத்த டொக்டர், நாளுக்கு நாற்பது நிமிடம் நடக்கவேண்டும் என்று சொன்னார். ஹியூபேட் உடனே ஒத்துக்கொண்டார். டொக்டர்மாரோடு அவர் முரண்படுவதில்லை. வீட்டுக்கு வந்தபிறகு, கொட்டாஞ்சேனையில் நடக்க முடியாது என்பதற்கு மனைவி ஜீவராணியிடம் ஏழு காரணங்கள் சொன்னார். நடைபாதையில் மோட்டார்சைக்கிள் நிற்கிறது என்பது முதலாவது. ஏழும் உண்மையானவை. அடுத்த மூன்று மாதத்தில் அவர் நடந்த மிக நீண்ட தூரம் கட்டிலிலிருந்து டி.வி. வரைக்கும்தான்.

கடைசியில் அவள், பெத்தகான ஈரநிலப் பூங்காவில் சாய்ந்திருக்க நல்ல வாங்குகள் போட்டிருக்கிறார்கள், போய் இருந்துவிட்டு வரலாம் என்றாள். இருப்பதற்கு அவர் எப்போதும் தயார். ஒரு ஞாயிறு, மாதா கோவிலில் ஆறு மணிப் பூசை முடிந்த கையோடு, பொரளை வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ் என்று போய்ச் சேர்ந்தார்கள்.

பூங்கா வாசலில் பறவைகளின் படங்கள் போட்ட பலகை ஒன்று இருந்தது. படத்துக்குக் கீழே பெயர், பெயருக்குப் பக்கத்தில் இலக்கம். ஹியூபேட் அதன் முன்னால் நின்றுவிட்டார். அவர் முப்பத்திநாலு வருடம் துறைமுகத்தில் டாலி கிளாக்காக இருந்தவர். கப்பலிலிருந்து இறங்கும் பெட்டிகளை எண்ணுவது அவர் வேலை. ஒரு பட்டியலைக் கண்டால் சரிபார்க்காமல் விட்டுவர அவரால் முடியாது.

"இதெல்லாம் உள்ளுக்கு இருக்குதாமோ?" என்று கேட்டார்.

இருக்குமென்றாள் ஜீவராணி. ஹியூபேட் வாங்கில் இருக்காமல் உள்ளே நடந்தார்.

அடுத்த கிழமையே புறக்கோட்டையில் பழைய சாமான் கடையொன்றில் பைனாகுலர் ஒன்று வாங்கினார். பெட்டியும் இல்லை, குறிப்புத் தாளும் இல்லை, கழுத்தில் போடும் பட்டி மட்டும் இருந்தது. கூடவே நீள மட்டைப் புத்தகம் ஒன்று. அதில் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டார்: இலக்கம், திகதி, பறவை, ஒப்பம், ஒப்பம்.

இரண்டு ஒப்பம் எதற்கு என்று ஜீவராணி கேட்டாள். துறைமுகத்தில் அதுதான் முறை என்றார். கப்பல்காரர் தரப்பில் ஒருவர், துறைமுகத்தின் தரப்பில் ஒருவர். இரண்டு பேரும் கண்ணால் கண்டு, இரண்டு பேரும் ஒப்பம் வைத்தால்தான் ஒரு பெட்டி இறங்கியதாக அர்த்தம். ஒருவர் மட்டும் கண்ட பெட்டி இன்னும் கப்பலில்தான் இருக்கிறது.

அப்படித்தான் ஜீவராணி இரண்டாவது ஆளானாள்.

முதல் பறவை ஒரு தையல்சிட்டு. ஹியூபேட் அதை முழுதாக இரண்டு நிமிடம் பார்த்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவர் முகத்தில் இல்லாத ஒரு வெளிச்சம் அப்போது வந்தது. பைனாகுலரை அவளிடம் கொடுத்தார். அவள் மூக்குக்கண்ணாடிக்கு மேல் அதை வைத்துப் பார்த்தாள். சாவித் துவாரத்தால் பார்ப்பதுபோல், இரண்டு கறுப்பு வட்டங்களுக்கு நடுவே ஒரு சொட்டு வெளிச்சம் தெரிந்தது. அதற்குள் ஒரு இலையின் பாதி இருந்திருக்கலாம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். எல்லாம் கஞ்சியாகக் கலங்கியது. தன் கண்ணின் பழுது அது என்று நினைத்தாள்.

"கண்டனீரோ?" என்று கேட்டார் ஹியூபேட்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "ஓம், கண்டனான்" என்றாள். அவர் பேனையைக் கொடுத்தார். அவள் ஒப்பம் வைத்தாள்.

ஒரு நல்ல மனுஷி பொய்க்குள் இறங்குவது இப்படித்தான். படி சின்னதாக இருக்கும். இறங்கியதே தெரியாது.

எட்டு மாதம் போனது. ஞாயிறும் புதனும் அவர்கள் நடந்தார்கள். பெத்தகான அலுத்தபோது விகாரமகாதேவிப் பூங்காவுக்கும், தலவத்துகொடப் பக்கத்துச் சதுப்பு நிலத்துக்கும், களனி ஆற்றங்கரைக்கும் போனார்கள். ஒருமுறை இங்கிரியப் பக்கத்தில் போதிநாகலைக் காட்டுக்குள் மூன்று மணித்தியாலம் ஏறினார்கள். அங்கே ஜீவராணியின் கால்களில் பதினொரு அட்டை ஏறியது. அதற்கு ஈடாக ஒரு மரங்கொத்தி தட்டும் சத்தம் கேட்டது. ஹியூபேட் மரங்கொத்தியைக் கண்டார். அவள் அட்டைகளைக் கண்டாள். ஒப்பம் மரங்கொத்திக்கு வைத்தாள்.

புத்தகத்தில் அறுபத்தொரு பறவைகள் ஏறின. காகம், கொக்கு, மயில் மாதிரி ஏழு பறவைகளை அவள் வெறுங்கண்ணால் உண்மையாகவே கண்டிருந்தாள். மிச்சம் ஐம்பத்திநாலு. ஹியூபேட் ஒன்பது கிலோ இளைத்தார். கிளினிக்கில் டொக்டர் அவரைப் பார்த்து, இப்படியே நடவுங்கள், நிறுத்திவிடாதீர்கள் என்றார். ஹியூபேட் நடப்பது டொக்டருக்காகவும் அல்ல, பறவைக்காகவும் அல்ல, பட்டியலுக்காக என்பது ஜீவராணிக்குத் தெரியும். பட்டியல் நின்றால் நடை நிற்கும். நடை நின்றால் பிறகு எது நிற்கும் என்பதை டொக்டர் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அந்த அறுபத்தொன்றில் கடைசியாக ஏறியதுதான் கருங்குருகு.

பெத்தகானவில் நாணல்களுக்கு இடையில் அசையாமல் நின்ற அதை ஹியூபேட் கண்டார். வழக்கம்போல அவளும் "கண்டாள்". வெள்ளவத்தையில் மருந்துக்கடை வைத்திருக்கும் நப்ரீஸ் என்ற மனிதர் ஒரு பறவைக் குழுவின் செயலாளர். பூங்காவில் பழக்கமானவர். அந்தப் பூங்காவில் இந்த வருடம் கருங்குருகு இன்னும் பதிவாகவில்லை, விபரம் எழுதித் தந்தால் குழுவின் அறிக்கையில் போடலாம் என்று படிவம் ஒன்றை அனுப்பினார். படிவத்தில் கண்டவர் பெயருக்கு ஒரு கோடுதான் இருந்தது. ஹியூபேட் அடிமட்டத்தை எடுத்து அதன் கீழே இன்னொரு கோடு போட்டார். ஞாயிறு பூங்காவில் நப்ரீஸிடம் கொடுக்கலாம், அதற்குள் ஒப்பம் வையும் என்று சொல்லி மேசையில் வைத்தார்.

வியாழனும் வெள்ளியும் அது மேசையில் கிடந்தது. ஜீவராணி அதைச் சுற்றிப் போய் மேசை துடைத்தாள். வீட்டுப் புத்தகத்தில் பொய் சொன்னது கணவனுக்குச் சொன்ன பொய். இது ஊருக்குச் சொல்லும் பொய். சனிக்கிழமை பின்னேரம் கோவிலுக்குப் போய் பாவசங்கீர்த்தனத்துக்கு முழந்தாளிட்டாள்.

பொய் சொன்னேன் என்றாள். எத்தனை தரம் என்று இளம் ஃபாதர் கேட்டார்.

"ஐம்பத்தஞ்சு தரம், ஃபாதர். நாளைக்குச் சொல்லப்போறதையும் சேர்த்து."

நாளைக்குச் சொல்லப்போவதை இன்றைக்கு மன்னிக்க முடியாது என்று ஃபாதர் விளக்கினார். பிறகு, என்ன பொய்கள் என்று கேட்டார். அவள் தையல்சிட்டிலிருந்து தொடங்கினாள். செண்பகத்துக்கு வரும்போது அவர், எல்லாவற்றையும் பெயர் சொல்லத் தேவையில்லை என்றார்.

"அன்பால சொன்ன பொய்யும் பொய்தான், அம்மா" என்றார் கடைசியில். "ஆனா ஆண்டவர் நிறுக்கேக்க அந்த அன்பையும் தட்டில வைச்சுத்தான் நிறுப்பார். மனுசனிட்டச் சொல்லிப்போடுங்கோ. மிச்சத்தை ஆண்டவர் பாப்பார்."

மிச்சம் என்று ஃபாதர் சொன்னது ஹியூபேட்டின் இதயத்தை. ஜீவராணி மூன்று 'அருள் நிறைந்த மரியே' சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். அன்று ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிறு காலை பூங்காவில், நாணல் தெரியும் வாங்கில் இருந்தபோது சொன்னாள்.

"இஞ்ச பாருங்கோ. உந்தக் கருங்குருகை நான் காணேல்ல."

"அண்டைக்குக் கண்டனான் எண்டு சொன்னனீர்."

"சொன்னனான். காணேல்ல."

ஹியூபேட் தண்ணீரைப் பார்த்தார். "வேற?"

"அதோட சேர்த்து ஐம்பத்திநாலு."

அவர் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தார். பேனையைத் திரும்ப வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தார். "எந்த ஐம்பத்திநாலு?" என்று கேட்டார்.

அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி வைத்தார். இருபது நிமிடம் பிடித்தது. மரங்கொத்தியின் பெயர் வந்தபோது மட்டும் தலை நிமிர்ந்து அவள் கால்களைப் பார்த்தார், பிறகு குனிந்து புள்ளி வைத்தார். கோபிக்கவில்லை. முப்பத்தாறு வருடக் குடித்தனத்தில் அவர் கோபித்தது குறைவு. கோபித்திருந்தால் நல்லது என்று ஜீவராணிக்குப் பட்டது.

"ஏன் சொன்னனீர்?"

"நீங்கள் நடக்கவேணும் எண்டுதான்."

அவர் பென்சிலை வைத்துவிட்டுப் பேனையை எடுத்தார். அடிமட்டத்தை வைத்து முதல் பக்கத்தில் மூலைக்கு மூலை ஒரு கோடு போட்டார். அடுத்த பக்கத்திலும் போட்டார். காகத்தையும் மயிலையும் தான் உண்மையாகவே கண்டேன் என்று அவள் சொல்லிப் பார்த்தாள்.

"ஒரு பெட்டி பிழையெண்டால் முழுக் கப்பலையும் திரும்ப எண்ணவேணும்" என்றார். எல்லாப் பக்கங்களையும் கோடிட்டு முடித்துப் புத்தகத்தை மூடினார். "திரும்ப எண்ண ரெண்டாவது ஆள் இல்லை. வாரும், வீட்ட போவம்."

உள்ளே வந்து நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. அதில் நடந்தது ஐந்து நிமிடம். வாசலை நோக்கிப் போகும் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு ஜீவராணி பின்னால் நடந்தாள். இனிமேல் கட்டிலும் டி.வி.யும்தான் என்பது அந்த முதுகில் எழுதியிருந்தது. ஆண்டவரே, ஃபாதர் சொன்னதைத்தான் செய்தேன் என்று மனதுக்குள் சொன்னாள். கொஞ்சம் முறைப்பாடாகவே சொன்னாள்.

டிக்கட் கவுண்டரில் இருக்கும் சாமினி அவர்களை நன்றாக அறிந்தவள். மத்தியானமாகும்வரை வெளியே வராத இருவர் இவ்வளவு வேளைக்கு வருவதைக் கண்டு, சுகமில்லையா என்று சிங்களத்தில் கேட்டாள். கேட்காமலும் விட்டிருக்கலாம். டிக்கட் எடுத்தவர்கள் எத்தனை மணிக்குத் திரும்பினாலும் அவளுக்கு ஒன்றுமில்லை. ஹியூபேட்டுக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. தன் மனைவி எட்டு மாதத்தில் ஐம்பத்திநாலு பறவைகளைக் காணவில்லை, அதனால் வீட்டுக்குப் போகிறோம் என்று சிங்களத்தில் தகவல் சொன்னார்.

சாமினி சிரிக்கவில்லை. கவுண்டரை விட்டு வெளியே வந்தாள். ஜீவராணியின் மூக்குக்கண்ணாடியைப் பார்த்தாள், ஹியூபேட்டின் கழுத்தில் தொங்கிய பைனாகுலரைப் பார்த்தாள், கையை நீட்டினாள். கண் வைக்கும் இடத்தில் விளிம்பாக நின்ற இரண்டு ரப்பர் வளையங்களையும் பெருவிரலால் வெளிப்பக்கமாக மடித்துவிட்டாள். சேர்ட் கையை மடிக்கிற அளவு வேலை. கண்ணாடி போடுகிறவர்கள் இதை மடித்துத்தான் பார்க்கவேண்டும் அம்மே, இல்லாவிட்டால் இருட்டுத்தான் தெரியும் என்றாள். வேலியில் இருந்த ஒரு குருவியைக் காட்டினாள்.

ஜீவராணி பைனாகுலரை வைத்தாள். கறுப்பு வட்டங்கள் இல்லை. வேலிக்கம்பி கையால் தொடலாம் போல் கிட்டே வந்தது. கம்பியில் ஒரு கொண்டைக்குலாத்தி. அதன் வாலடி சிவப்பு என்று புத்தகப் படத்தில் பார்த்து அவள் எட்டு மாதமாக மனப்பாடம் பண்ணி வைத்திருந்தாள். ஆனால் அது இப்படியொரு சிவப்பு என்று எந்தப் படமும் சொல்லவில்லை. கொண்டையில் ஒரு இறகு மட்டும் காற்றுக்குப் பிரிந்து நின்றது. கண்ணாடிக்குள்ளே நீர் முட்டியதால் பறவை கொஞ்சம் கரைந்தது.

"என்ன தெரியுது?" என்று ஹியூபேட் கேட்டார்.

அவள் சொன்னாள். சிவப்பைச் சொன்னாள், பிரிந்து நின்ற இறகைச் சொன்னாள். ஹியூபேட் மடிந்திருந்த ரப்பர் வளையத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். துறைமுகத்தில் ஒவ்வொரு பெட்டியையும் நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துத்தான் அவர் ஒப்பம் வைத்தவர். இந்தப் பைனாகுலரை ஒரு பக்கமும் திருப்பிப் பார்க்கவில்லை.

"எட்டு மாசமா உம்மட்ட என்ன தெரியுதெண்டு நான் ஒருக்காலும் கேக்கேல்ல" என்றார். "கண்டனீரோ, கண்டனீரோ எண்டுதான் கேட்டனான். அது என்ர பிழை."

அந்த நேரம் நப்ரீஸ் வந்து சேர்ந்தார். ஹியூபேட் வணக்கம் சொல்லி, கருங்குருகு ரத்து என்று அறிவித்தார். நப்ரீஸ் திகைத்து, நீங்கள் கண்டீர்கள்தானே அங்கிள், குழுவுக்கு ஒரு ஆள் கண்டால் போதும் என்றார்.

"உங்களுக்குப் போதும்" என்றார் ஹியூபேட். படிவத்தை நாலாக மடித்துப் பையில் வைத்தார்.

பிறகு சாமினிக்கு நன்றி சொல்லி, மனைவியைப் பார்த்து, வாரும், நேரம் போகுது என்றார். மனைவி பஸ் தரிப்பை நோக்கித் திரும்பினாள். அவர் பூங்காவுக்குள் போகும் பலகைப் பாலத்தை நோக்கித் திரும்பினார்.

அன்று முதல் வேறு முறை. பைனாகுலர் முதலில் ஜீவராணியிடம், பிறகு அவரிடம். எட்டு மாதப் பசியோடு இருந்தவள் எதையும் லேசில் விடவில்லை. ஒரு நீர்க்காகம் சிறகு காயவைப்பதை முழுதாகக் காயும்வரை பார்த்தாள். ஹியூபேட் பக்கத்தில் பேனையோடு நின்றார். மத்தியானம்வரை நடந்ததில் நாலு பறவைகள்தான் புத்தகத்தில் ஏறின.

ஐந்தாவதாக ஒரு மீன்கொத்தி வந்தது. ஜீவராணி அதன் நீலத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் பைனாகுலரைக் கொடுத்தபோது அது இருந்த மரக்கொப்பு மட்டும் ஆடியது.

"கண்டிட்டன், போடுங்கோ" என்றாள் அவள். அவர் மனம் நோகக்கூடாது என்று, "நீங்களும் கண்டமாதிரித்தானே" என்றும் சொன்னாள்.

ஹியூபேட் பேனையை மூடினார்.

"நான் காணேல்ல" என்றார். "உதுக்காக அடுத்த ஞாயிறும் வரவேணும்."